கோமதி சுற்றிய சோக்

கோமதியின் கணவர் சேகர் போன் செய்தபோது புத்தூரில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தேன். "மல்லிகா, கோமதி போயிட்டா" என்றார். "கரன்ட்டா?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். "இல்லீங்க, ஹார்ட்டு. தூக்கத்துலயே." அழுகைக்கு முன்னால் எனக்கு நிம்மதி வந்தது. கோமதியை அறிந்த உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. வேலையை விட்ட பிறகு, ஸ்ரீரங்கத்து வீட்டின் மாடி அறையில் கோமதி உயர் மின்னழுத்த டிரான்ஸ்பார்மர் ஒன்றைத் தானே செய்ய ஆரம்பித்தார். சேகர் உட்பட எல்லோரும் எதற்கு என்று கேட்டோம். "மின்னலைக் கிட்டப் பாக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

அதில் அவரை அதிகம் படுத்தியது சோக். எகிறும் மின்சாரம் வீட்டு லைனுக்குத் திரும்பி வராமல் தடுக்கும் சுருள் அது. இரண்டு செப்புக் கம்பிகளை ஒட்டினாற்போல் ஜோடியாகச் சுற்ற வேண்டும். மேல்பூச்சில் கீறல் விழுந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சாரம் தாவிவிடும்.

முதன்முதலாக ஓட்டிக் காட்ட எங்களையெல்லாம் அழைத்திருந்தார். அறை நிறைந்துவிட்டது. கடைசியாக ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்தவரின் முகம் மாறியது.

"இன்னைக்கு இல்லீங்க. காபி சாப்பிட்டுட்டுப் போங்க."

பட்டறை முதலாளிக்கு ஏமாற்றம். "லால்குடியிலேர்ந்து வந்திருக்கேம்மா. ஒரு தடவை போட்டுத்தான் காட்டேன்."

"போட மாட்டேன் சார்."

எல்லோரும் போன பிறகு சுருளைப் பிரித்தோம். அவர் பிரிக்க, நான் கம்பியை வாங்கிக்கொண்டேன். அடி வரிசைக்கு வந்தபோது நகக்கீறல் அளவுக்குப் பூச்சு உரிந்திருந்தது. கோமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஸ்விட்ச் போடறேன்னு எங்க வீட்டுக்காரர்தான் ஆசையா நின்னுட்டிருந்தார், மல்லிகா" என்றார்.

மறுபடி சுற்றினார். அடுத்த மாதம் அதே அறையில் ஊதா நிறத்தில் மின்னல் கிளை கிளையாகச் சீறியது. சேகர் கை தட்டினார். கோமதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

காரியங்கள் முடிந்ததும் சேகர் மீண்டும் அழைத்தார். "அந்த ரூமுக்குள்ள போகவே பயமா இருக்குங்க. நீங்க வந்து பாருங்களேன்."

போனேன். மெயின் ஒயர் கழற்றிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சரின் இரு முனைகளையும் தடித்த கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார் கோமதி. மிச்சம் மீதி மின்சாரம்கூட யாரையும் தீண்டாது. "நெஞ்சுவலின்னு டாக்டரைப் பார்த்துட்டு வந்த அன்னைக்கே மாடிக்குப் போனா" என்றார் சேகர். ஆனாலும் எர்த் கம்பியால் அந்த முனைகளை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். பொறி இல்லை. "ஒண்ணுமில்லீங்க, வாங்க" என்றேன். அன்றுதான் அவர் அந்த அறைக்குள் வந்து ஜன்னலைத் திறந்தார்.

கோமதிக்குப் பயமே கிடையாது என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவரிடமே சொன்னேன். "யார் சொன்னா? பயந்து பயந்துதான் ஒவ்வொண்ணும் செய்யறேன்" என்றார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பயத்தைத்தான்.