கிளைவ் மெயின் சுவிட்சை அணைத்த சனிக்கிழமை

கிளைவ் மாட்ரம் வெறுங்காலோடு வெளியே வந்து அன்றுவரை நான் பார்த்ததே இல்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில், பாசன்டீனில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும்போதுகூட, பஸ் ஓட்டுநர்கள் போடும் அந்த நீளமான சாக்ஸை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் வெட்டுவார்.

அந்த ஜனவரி சனிக்கிழமை நாற்பத்தொரு டிகிரி வெயில். அவர் மனைவி லோர்னாவிடம் இரவல் வாங்கிய கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அவள் முட்டை வெள்ளையை மிக்சரில் அடித்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் கிரிக்கெட். கணினி இருந்த அறையிலிருந்து ஒரு அலறல் கேட்டது. மறுநொடி கிளைவ் எங்கள் இருவரையும் இடித்துக்கொண்டு பாய்ந்து, கம்பிவலைக் கதவைத் தள்ளித் திறந்து, கொதிக்கும் சிமென்ட் தரையில் துள்ளித் துள்ளி ஓடினார். மீட்டர் பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

மிக்சர் நின்றது. ரேடியோ நின்றது. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்தது.

"கிளைவ்! பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? முட்டையெல்லாம் நாசமாப் போச்சு!" என்று கத்தியபடி லோர்னா வெளியே ஓடினாள். நானும் ஓடினேன்.

அவர் பெட்டியின் கதவை முதுகால் அழுத்திச் சாத்திக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"போயிடுச்சு லோர்னா. பாதி போயிடுச்சு."

"என்ன போச்சு? யாருக்குப் போச்சு?"

"என் குரல்" என்றார். "பிரெண்டனுக்குப் பேசி வச்சது. எவனோ எடுத்துக்கிட்டிருக்கான்."

லோர்னாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்த வீட்டில் பிரெண்டன் என்ற பெயரைக் கிளைவ் வாயால் கேட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது.

பிரெண்டன் அவர்களுடைய ஒரே பிள்ளை.

கிளைவ் எப்படிப்பட்ட மனிதர் என்று சொன்னால்தான் மற்றது புரியும். நார்த்தம் என்ற ஊரில் ரயில்வே குடும்பத்தில் பிறந்து, இருபத்தொன்பது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். அவருடைய அறுபத்தேழாம் நம்பர் பஸ்ஸைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் கடிகாரத்தைத் திருத்துவோம். ஐந்து நாற்பதுக்கு இரவுச் சாப்பாடு. ஐந்து நாற்பத்திரண்டுக்கு வந்தால், "என்ன, சமையல்காரங்க ஸ்டிரைக்கா?" என்பார். கல்யாணத்தன்று லோர்னா நான்கு நிமிஷம் தாமதமாக வந்ததை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. மூன்று தெரு தள்ளிக் குடியிருந்த பிரெண்டனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவன் மனைவி லீயானுக்கு ஏழு மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. கார் கிளம்பவில்லை. அப்பாவின் பஸ் வரும் நேரம் என்று தெரிந்து நிறுத்தத்துக்கு ஓடினான். அவன் பத்தடி தூரத்தில் இருக்கும்போது பஸ் கதவு சாத்திக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. டாக்ஸி பிடித்து அவன் போய்ச் சேர்ந்தபோது, முப்பத்தைந்தே நிமிஷம் உயிரோடிருந்த அந்தப் பெண் குழந்தையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பிரெண்டன் இந்த வீட்டு வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். "பஸ் கண்ணாடியில என்னைப் பார்த்தியா அப்பா?"

"பார்க்கலடா" என்றார் கிளைவ்.

அவன் நம்பவில்லை. போய்விட்டான். லோர்னா நம்பினாள். மகனைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், "என் புருஷன் பார்க்கல. பார்த்திருந்தா நிறுத்தியிருப்பார்" என்று சத்தியம் செய்தாள்.

போன வருஷம் கிளைவ் கணினி வாங்கினார். பழைய நீராவி ரயில் வீடியோ படங்களை உலகத்தில் யார் யாரோ பகிர்ந்துகொள்கிறார்கள் என்று தெரிந்ததும் குழந்தையாகிவிட்டார். ஆனால் ஒரு படம் வந்துசேர, 'இன்னும் பதினோரு நாள் ஆறு மணி' என்று திரை காட்டும். "பதினோரு நாளா? அதே ரயில்ல ஏறி நான் சிட்னிக்கே போய்ட்டு வந்துடுவேன்!" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டி என்னிடம் புலம்புவார்.

வேகத்தைக் கூட்டியே தீருவது என்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். மோடத்தில் எந்த வாசலைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் நேராக வந்து இணைய முடியும், ஒரே நேரத்தில் எத்தனை பேரோடு பேசலாம் என்பதையெல்லாம் பஸ் அட்டவணை மாதிரி கட்டம் போட்டு எழுதினார். நாம் அனுப்புவதைக் கட்டுக்குள் வைத்தால்தான் வருவதற்கு வழி கிடைக்கும் என்று படித்துவிட்டு, அனுப்பும் வேகத்தை ரொம்பவே கீழே, நொடிக்கு இரண்டு கிலோபைட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். "எனக்கு வரணும். நான் எதுக்கு அள்ளிக் கொடுக்கணும்?" என்றார். அதுவும் போதவில்லை. இணையத்துக்கான மாத அளவு தீர்ந்ததும் நத்தை வேகம்தான்.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் லோர்னா ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். பெர்த் ஆட்கள் மட்டும் கூடும் ஒரு இணையப் பகிர்வு அறையின் விலாசம். ஊருக்குள்ளேயே போய்வரும் கோப்புகளுக்கு மாத அளவில் கணக்குக் கிடையாது, பறந்து வரும். "நூலகத்துல ஒருத்தர் சொன்னாங்க" என்றாள்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. உள்ளே வர வேண்டுமென்றால் நீயும் பத்து ஜிகாபைட்டாவது பகிர வேண்டும். கிளைவிடம் இருந்ததோ நாலு ரயில் படம். அந்தச் சனிக்கிழமை காலை யோசித்து யோசித்துப் பார்த்து, மொத்த டிஸ்க்கையும் பகிர்வதாக டிக் போட்டார். அறை திறந்தது. ரயில் படம் பறந்து வந்தது. மத்தியானத்துக்குள் 'இன்னும் பதினெட்டு நிமிஷம்' என்று காட்டியது. அவர் கை தட்டிச் சிரித்தது சமையலறையில் இருந்த எங்களுக்கே கேட்டது.

பிறகு கீழே இருந்த பட்டியல் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. வெளியே போய்க்கொண்டிருப்பவை. 'பிரெண்டனுக்கு 14. நாற்பத்தொன்பது சதவீதம்.'

"எத்தனை பேசி வச்சிருக்கே?" மீட்டர் பெட்டி முன்னால் நின்று லோர்னா கேட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"பதினாலு. செவ்வாய்க்கிழமை நீ கிளப்புல பந்து உருட்டி விளையாடப் போவேல்ல, அப்போ. மைக் வச்சு."

"என்ன பேசினே?"

"ஊரே கேட்கப்போகுது. திங்கட்கிழமை பஸ்ல ஏறுறவன் எல்லாம் என் மூஞ்சியப் பார்த்துச் சிரிப்பான். அழிக்கணும். எல்லாத்தையும் அழிக்கணும்."

"என்ன பேசினே கிளைவ்?"

அப்போதுதான் உள்ளே தொலைபேசி அடித்தது. சுவரில் மாட்டிய பழைய போன். அதற்குக் கரண்ட் வேண்டாம். கிளைவ் நொண்டிக்கொண்டே போய் எடுத்தார். விளக்கணைந்த சமையலறையில், பின்னாலேயே போன எனக்கும் மறுமுனைக் குரல் கேட்டது.

"அப்பா. மெயினைப் போடு."

கிளைவ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பிரெண்டன்?"

"மெயினைத்தானே அணைச்சே? உனக்கு வேற என்ன தெரியும்? இந்த அறைக்கு நான்தான் காவல். புதுசா வர்றவன் குப்பையைப் பகிர்ந்து ஏமாத்துறானான்னு பட்டியலைத் திறந்து பார்க்கிறது என் வேலை. 'பஸ்67'னு பேர் வச்சா எனக்குத் தெரியாதா?"

கிளைவ் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "அந்த விலாசம்... நூலகம்?"

"மாசத்துக்கு ஒரு தடவை அவனைப் போய்ப் பார்க்கிறேன்" என்றாள் லோர்னா. தலை குனியவில்லை. "ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்தா, ரயிலைப் பத்தியாவது பேசிக்குவீங்கன்னு நினைச்சேன். நீ பேசி வச்சிருப்பேன்னு நான் கனவா கண்டேன்?"

"அப்பா, கேட்குதா?" என்றான் பிரெண்டன். "கடைசியா பேசினதைத்தான் முதல்ல எடுத்தேன். வந்த வரைக்கும் போட்டுக் கேட்டேன். 'அன்னிக்குக் கண்ணாடியில'ன்னு சொன்னே. அதோட நின்னுடுச்சு. கண்ணாடியில என்ன? இப்பவே வாயால சொல்லு. முடியலன்னா மெயினைப் போடு."

கிளைவின் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. அழித்துவிடலாம். மீதிப் பாதி யாருக்கும் தெரியாமலே போய்விடும். அது அவருக்குத் தெரியும். அவர் கண்ணில் நான் அதைப் பார்த்தேன்.

ரிசீவரை லோர்னாவின் கையில் திணித்துவிட்டு, அதே வெறுங்காலோடு அந்தத் தரையில் நடந்து போனார். இந்தத் தடவை துள்ளவில்லை.

ஏசி உறுமியது. நாங்கள் கணினி அறைக்குள் போனோம். பட்டியல் மறுபடி உயிர்பெற்றது. நாற்பத்தொன்பது சதவீதம். இன்னும் நாலு மணி நேரம்.

"என்னப்பா இது? ரெண்டுல ஊர்ந்து வருது!" நீள வயரோடு இழுத்து வந்த ரிசீவரில் பிரெண்டன் கத்தினான்.

கிளைவ் நோட்டைப் பார்க்கவில்லை. அனுப்பும் வேகம் என்ற கட்டத்தில் தாமே போட்டிருந்த இரண்டை அழித்தார். தமக்கு வந்துகொண்டிருந்த ரயில் படத்தையும் நிறுத்தினார். அது தொண்ணூற்றாறு சதவீதத்தில் இருந்தது. வழி முழுவதையும் மகனுக்கு விட்டார். நாலு மணி நேரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது.

அந்த ஒரு மணி நேரமும் யாரும் போனை வைக்கவில்லை, யாரும் பேசவுமில்லை. ஒரு நிமிஷம் தாமதமானால் ஹாரனில் கை வைக்கும் மனிதர், அந்த நாற்காலியில் கல்லாக உட்கார்ந்திருந்தார்.

நூறு. கோடு நிறைந்தது.

மறுமுனையில் பிரெண்டன் அதை ஓடவிட்டான். ரிசீவருக்குள்ளிருந்து, எறும்பின் குரல் அளவுக்கு, கிளைவின் குரலே எங்களிடம் திரும்பி வந்தது.

"...கண்ணாடியில உன்னைப் பார்த்தேன்டா. சட்டைப் பட்டன்கூடப் போடாம ஓடிவந்தே. வழக்கம்போல லேட்டுன்னு நினைச்சேன். ஒரு நாளாவது கத்துக்கட்டும்னு கதவைச் சாத்தினேன். குழந்தை விஷயம் எனக்குத் தெரியாது. ஆனா பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சாத்தினேன்."

லோர்னா என் தோளைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த தடம் ஒரு வாரம் இருந்தது. "ஆறு வருஷம் உனக்காகச் சத்தியம் பண்ணினேனே கிளைவ்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. சமையலறைக்குப் போய், கெட்டுப்போன முட்டையைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

போனில் 'கிளிக்' என்று பதிவை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான் பிரெண்டன். "நீ சொல்றதுக்குத்தான் காத்திருந்தேன்." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மீதி பதிமூணையும் அனுப்பு. எத்தனை நேரம் காட்டுது?"

"முப்பது மணி நேரம்."

"அதுக்குள்ள நானே பஸ் ஏறி வந்துடலாம் போலிருக்கே, பெருசு." சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "லேட்டா ஓடிவந்தா நிறுத்துவாங்களா?"

அந்தக் கேள்வி கிளைவை அடித்ததைப் பார்த்தேன்.

"நீ வராதேடா" என்றார். "நான் வரேன். எங்கேன்னு சொல்லு."

ஆர்மடேலில் ஒரு தெருப் பெயரையும் எண்ணையும் பிரெண்டன் சொல்லச் சொல்ல, அந்த வேக நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். வீடு மாறிப்போன மகனின் விலாசம் ஆறு வருஷமாக அவருக்குத் தெரியாது.

கார் சாவியை எடுத்தது லோர்னாதான். ஓட்டுநர் பக்கம் ஏறிக்கொண்டு, "நான் ஓட்டறேன். இன்னிக்கு நீ ஓட்ட வேண்டாம்" என்றாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஏறும்போது கால்களைப் பார்த்தேன். செருப்பை மட்டும் மாட்டியிருந்தார். சாக்ஸ் இல்லை.

கணினியை அணைக்க அவர்கள் மறந்துவிட்டார்கள். நானும் அணைக்கவில்லை; பட்டியலில் மீதி பதிமூன்றும் போய்க்கொண்டிருந்தன. கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.