நாலு பூச்சிக்கு எந்தத் தீவு

அருங்காட்சியகத்தின் பூச்சி அறையில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ந்த வண்ணத்துப்பூச்சியை ஈரப்பெட்டியில் வைத்துப் பதமாக்கி, இறகு கிழியாமல் விரித்து ஊசியில் நிறுத்துவதில் பத்தொன்பது வருஷமாக அவள் கை தவறியதில்லை. போன வாரம் தவறிவிட்டது.

இரண்டு தீவுகளில் பிடித்த பழைய பூச்சிகள் இருபது. துருப்பிடித்த ஊசிகளை மாற்றும்போது, எந்தத் தீவு என்று எழுதிய சீட்டையும் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்திருக்கலாம், அவசரத்தில் கடைசி நாலையும் ஒன்றாகக் கழற்றினாள். புழுக்கத்துக்கு மின்விசிறியைப் போட்டாள். சீட்டுகள் பறந்து, எது எந்தப் பூச்சியுடையது என்று தெரியாமல் கலந்துவிட்டன. வெளிறியிருந்த இரண்டுக்குச் சின்னத் தீவுச் சீட்டு, கறுத்திருந்த இரண்டுக்குப் பெரிய தீவுச் சீட்டு என்று ஒரு குத்துமதிப்பாகக் குத்திவிட்டாள்.

“பூச்சி என்ன பாஸ்போர்ட்டோடயா வந்துச்சு? வாயைத் திறக்காம இரு,” என்றார் வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர், சட்டையைத் தேய்த்துக்கொண்டே.

இன்று அந்த இருபதையும் ஆராய ஓர் ஆய்வாளர் வந்துவிட்டார். ஒவ்வொரு பூச்சியிலும் ஒரு கால் வெட்டிக்கொண்டு போய் மரபணுவைப் பார்க்கப் போகிறாராம்.

“பெரிய தீவுலேர்ந்து காத்துல அடிச்சுக்கிட்டுப் போன நாலஞ்சுதான் சின்னத் தீவுல குடியேறியிருக்கணும்க்கா. அங்கேயே தனியாப் பெருகி வேற இனமா ஆயிடுச்சா, இல்ல இன்னும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதானான்னு தெரியணும். நிறத்தை வெச்சுச் சொன்னா ஏமாந்துடுவோம். சீட்டைத்தான் நம்பி வந்திருக்கேன்.”

எதை வைத்துச் சொல்லக்கூடாது என்கிறாரோ, அதை வைத்துத்தான் அவள் சீட்டே குத்தியிருக்கிறாள். கத்தரிக்கோல் முதல் பூச்சியை நெருங்கியது.

“தம்பி, கொஞ்சம் நில்லுங்க. நாலு சீட்டு என் ஊகம்.”

நடந்ததைச் சொன்னாள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“மத்த பதினாறு?”

“அதுல சந்தேகமில்ல.” சொன்ன பிறகு அதுவும் உறுத்தியது. ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள்; பதினாறிலும் அதனதன் பழைய சீட்டுதான் இருந்தது.

“நாலையும் ஒதுக்கிடுங்க. உங்க அதிகாரிகிட்ட நான் போய்ச் சொல்றது நல்லா இருக்காதுக்கா. நீங்களே எழுதிடுங்க.”

புதிதாக நாலு சீட்டு நறுக்கினாள். ‘தீவு தெரியவில்லை’ என்று எழுதி, கீழே தன் பெயரையும் தேதியையும் போட்டாள். அடுத்து அதிகாரிக்கு எழுத வேண்டும். ‘மதிப்பிற்குரிய ஐயா’வுக்குப் பிறகு என்ன எழுதுவது என்று பிடிபடவில்லை.