எந்தக் கம்பெனி?

நான் மூன்றாம் வகுப்பில் படித்த ஆண்டு அது, தீபாவளி நெருங்கியிருந்தது. எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு வந்த முதல் தையல் மெஷின் அத்தையுடையது. அதை நம்பித்தான் அவர் கொழுந்து பறிப்பதை விட்டிருந்தார். பக்கத்துக் காம்பரா வீடுகளின் பெண்கள் பண்டிகைச் சட்டைகளுக்கான துணிகளைக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். மெஷினோ முதல் வாரத்திலேயே நூலைக் கடித்துத் துப்பத் தொடங்கியது.

அத்தை மெஷினின் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு மாத்தளை டவுனில் அதை வாங்கிய கடைக்குப் போனார். கடைக்காரர் சாக்கைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"கொழுந்து பறிக்கிற கை பட்டா இப்படித்தான் ஆகும். நான் டீலர் மட்டுந்தான். குறை இருந்தா கம்பெனியில போய்ச் சொல்லுங்க."

அத்தை அப்படியே செய்தார். அவர் அறிந்த கம்பெனி ஒன்றுதான்: தோட்டத்தை நடத்தும் கம்பெனி. பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாக்கோடு தோட்டத்து ஆபீசுக்கு நடந்தார்.

கிளாக்கர் ஐயாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்மா, இது தேயிலைக் கம்பெனி. மெஷின் கம்பெனி கொழும்புல இருக்கு."

"கங்காணி ஏசினா இங்கதானேங்க வந்து சொல்றோம்? அவர வச்சது கம்பெனிதானே. அந்தக் கடைக்காரரையும் யாராச்சும் வச்சிருப்பாங்கல்ல, அவங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

அவர் சிரிப்பை நிறுத்தினார். அத்தை நீட்டிய உத்தரவாதச் சீட்டில் இருந்த எண்ணுக்கு ஃபோன் எடுத்து, சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். பிறகு ஃபோனை வைத்தார்.

"டீலர் செஞ்சதுக்கு டீலர்தான் பொறுப்பாம். அவரு எங்க ஆள் இல்லேங்கிறாங்க."

"கடை வாசல்ல தொங்குறது அவங்க போர்டுதானேங்க?"

கிளாக்கர் ஐயா உத்தரவாதச் சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அத்தை அதைச் சாக்குக்குள் செருகினார்.

"அப்ப நாளையிலயிருந்து என் பேரப் போட்டுருங்கய்யா."

அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டதால் சாக்கை ஆபீஸ் விறாந்தையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

நான் முன்னால் ஓடி லயம் முழுக்கச் சொன்னேன்: "அத்தை பேரக் கம்பெனியில எழுதிட்டாங்க! மெஷின் சரியாயிரும்!" ஒருத்தி எழுந்து போய்த் தைக்கக் கொடுத்த தன் துணியை எடுத்து மடித்தாள். பேர் போடுவது என்றால் மறுபடி கொழுந்து பறிக்கப் போவது என்று எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலை அத்தை கூடையைத் தலையில் மாட்டியபோது, மெஷினை அதில் வைத்துக் கொண்டுவரப் போகிறார் என்றே நினைத்தேன்.