சன்னாசியின் கட்டைவிரல்

ஈப்போவில் மூன்று தலைமுறையாக வட்டிக்கடை நடத்திய செட்டியார் குடும்பம், கிட்டங்கியில் கிடந்த பழைய பேரேடுகளைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்போகிறது. தூசி தட்ட ஆள் வேண்டும் என்றதும் கலாதேவி ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள். சம்பளத்துக்கா? அட, போங்கள்! குனோங் ராபாட்டில் நாலு வீடு பெருக்கினால் அதைவிடக் கூடக் கிடைக்கும். அவளுக்கு வேண்டியது அப்பாவின் கிராண்டு, அதாவது நிலப்பட்டா, போன வழி.

செமோரில் அவள் அப்பா சன்னாசிக்கு இரண்டு ஏக்கர் ரப்பர்க் காடு இருந்தது. அந்த நிலத்துக் கிராண்டை இங்கேதான் அடகு வைத்தார். படுக்கையில் விழுந்ததால் கடைசித் தவணையை மகன் சின்னையாவிடம் கொடுத்தனுப்பினார். எழுந்து போய்க் கிராண்டைக் கேட்டபோது, "அப்பவே கொடுத்தாச்சே" என்று கணக்கப்பிள்ளை கையை விரித்தார். காடு எவன் கைக்கோ போனது. அப்பா சாகும்வரை செட்டியாரைச் சபித்தார். அண்ணன் சின்னையா இன்றும் சபிக்கிறான்.

யாராவது ஏட்டைக் கிழித்துவிடுவார்களோ என்று கலாதேவி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தாள். ஏடுகளைப் படமெடுக்க வந்த ஷர்மினிக்கே எரிச்சல் வந்துவிட்டது.

"என்னக்கா மொறைக்கிறீங்க? நான் திருடி இல்லலா."

"திருடுறவங்க சொல்லிட்டா திருடுறாங்க?"

சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போக வரும் அண்ணனுக்குத் தினமும் ஒரே கேள்விதான். "ஏதாச்சும் கெடச்சிச்சா?" பாவம், அவனுக்கும் மனசு ஆறவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை கிடைத்தது. அடகு வைத்த பக்கத்தில் அப்பாவின் ரேகை, பக்கத்தில் 'வலது' என்ற குறிப்பு. ஆண்களுக்கு இடது கட்டைவிரலைத்தான் உருட்டுவார்கள். அப்பாவுக்கு அது ஏது? தோட்டத்தில் ரப்பர் ஷீட் உருட்டும் மிஷின் சின்ன வயதிலேயே தின்றுவிட்டதே.

சில பக்கங்கள் தள்ளி, 'கிராண்டு பெற்றுக்கொண்டேன்' என்று இருந்தது. கீழே ஒரு முழு ரேகை. 'இடது பெருவிரல், சன்னாசி.'

அடப்பாவிகளா! இன்றைக்குச் செட்டியார் மானத்தைக் கப்பலேற்றிவிடலாம் என்று கத்த வாயெடுத்தாள். அப்போதுதான் அடுத்த வரி கண்ணில் பட்டது.

'இவர் என் தகப்பனார் என்று அறிந்து சாட்சி: ச. சின்னையா.'

வீட்டில் அப்பா படத்துக்கு அடியில் இறந்த தேதியை எழுதியிருக்கும் அதே கோணல் எழுத்து. நாற்பது வருடம் யாரைத் திட்டித் தீர்த்தோம்!

வாசலில் மோட்டார் வந்து நின்றது.

"ஏதாச்சும் கெடச்சிச்சா?"

கலாதேவி ஏறவில்லை.

"கெடச்சிச்சுண்ணே. அன்னைக்கு அப்பான்னு சொல்லி யாரக் கூட்டிட்டு வந்த?"