சிப்பின் மேல் ஒட்டிய பெயர்

சாப்பிட உட்கார்ந்தபோது செல்வத்தின் போன் வந்தது. "பேட்டை மைதீன் பாய் மவுத்தாயிட்டாவ சார்." செல்வம் கோயில் கொடை விழாக்களில் கீபோர்டு வாசிப்பவர். அடக்கத்துக்குப் போனேன். சுற்று வட்டாரத்து இசைக்குழுக்காரர்கள் எல்லாரும் பள்ளிவாசல் முன்னால் நின்றார்கள். எனக்கு இதில் பாதிப் பேராவது வருவார்களா என்று எண்ணினேன். அங்கே நினைக்கக் கூடாத நினைப்பு.

பாயைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பாலிடெக்னிக்கில் மைக்ரோபிராசசர் பாடம் நடத்தியவன். பாய் பத்தாவது தாண்டாதவர். சவுதியில் ரேடியோ பழுது பார்த்தே தொழில் கற்று, ஊரில் இசைக்குழுக்களின் கருவிகளைப் பழுது பார்த்தவர். செல்வத்தின் பழைய சிந்தசைசரில் சுரத்தை அசைக்கும் சக்கரம் ஒன்று உண்டு. "நாதஸ்வரம் மாதிரி வளையணும் சார். இது படியேறுது" என்றார் செல்வம். உள்ளே சிப்பில் எழுதியிருந்த புரோகிராம், சக்கரம் நகர்ந்ததைத் தாமதமாகவே கவனித்தது. மூன்று மாதம் ஒவ்வொரு கட்டளைக்கும் ஆகும் நேரத்தை நோட்டில் எழுதி, அங்கங்கே குறைத்தேன். படிகள் சிறிதாயின, மறையவில்லை.

கடைசியில் செல்வம் பாயிடம் போனார். பாய் என் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். "முகப்புல முப்பது குமிழ் இருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் முப்பதையும் போய்ப் பாத்துட்டு வருதே, எதுக்கு? வாசிக்கவனுக்குக் கை ரெண்டுதான சார்? சக்கரத்த மட்டும் எப்பவும் பாக்கட்டும். குமிழச் சுத்துக்கு ஒண்ணாப் பைய பாத்துக்கிடட்டும்."

இரண்டே நாளில் மாற்றி எழுதிவிட்டார். செல்வம் சக்கரத்தை உருட்டினார். "பாய், வழுக்குதுலா!"

"சாரு நோட்டு இல்லன்னா எங்கன கை வைக்கணும்னே எனக்குத் தெரிஞ்சிருக்காதுலே" என்றார் பாய். அதுவும் எனக்குப் பிச்சை போலக் கேட்டது.

அந்தச் சிப்பின் முதுகில் சிறு கண்ணாடி இருக்கும். தொடர்ந்து வெளிச்சம் பட்டால் உள்ளே எழுதிய புரோகிராம் அழிந்துவிடும் என்பதால் காகிதம் ஒட்டி மூடுவோம். பாய், தான் பழுது பார்த்த எல்லாவற்றிலும் எழுதுவதுபோல, அந்தக் காகிதத்திலும் 'பேட்டை மைதீன்' என்று எழுதியிருந்தார். மறுவாரம், சரிபார்க்க வேண்டும் என்று சிந்தசைசர் பெட்டியை வீட்டுக்கு வாங்கி வந்து அதை உரித்தேன். என் பெயரை எழுதி ஒட்டினேன். உரித்ததைக் கிழித்துப் போடத் தைரியமில்லை. நோட்டில் ஒட்டி வைத்தேன்.

அடுத்த கொடைக்கு முன் தூசு தட்டப் பாய் பெட்டியைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன். காகிதத்தைப் படித்தார். தூக்கியிருந்த ஓரத்தை விரலால் அழுத்தினார்.

"நல்லா மூடியிருக்கீய சார். வெளிச்சம் படாது."

பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவருடைய மூளையைவிட அந்த மௌனத்தின் மேல்தான் எனக்குப் பொறாமை அதிகம்.

அடக்கத்துக்கு மறுநாள் செல்வத்திடம் எல்லாவற்றையும் சொல்லிப் பெட்டியைத் திறந்தேன். "இத ஏன் சார் இப்பம் சொல்லுதீய?" என்றவர், பெட்டிக்குள் அடித்திருந்த டார்ச்சை அணைத்துவிட்டுப் பசையை எடுத்துத் தந்தார். என் பெயரை உரித்து, பாயின் காகிதத்தை அதே இடத்தில் ஒட்டினேன். ஒட்டும்போதும், பாய் சொன்ன அந்த வழி எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற கேள்வி போகவில்லை.

மூன்று மாதக் கணக்குகளுக்கு நடுவே, பாயின் காகிதத்தை உரித்த ஒரு சிறு சதுரத் தடம் என் நோட்டில் இருக்கிறது. பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான்.