கதவுக்கு வெளியே இருபத்திரண்டு வருடம்

ஹியூபர்ட் லமோட் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கூட்டத்துக்குக்கூட வரவில்லையாம்! சொன்னது யார்? விடிவெள்ளிச் சகோதர சங்கத்தின் புதுத் தலைவர் கோஸ்மஸ். யாரிடம் சொன்னார்? ஹியூபர்ட் செத்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அவருடைய மனைவி மெரில்டாவிடம். 

"புத்தகத்துல ஒரு கையெழுத்து இல்லைக்கா. வராதவங்க பேரை நினைவுக் கூட்டத்துல கூப்பிட விதி இல்ல" என்றார் கோஸ்மஸ், வாசற்படியில் நின்றபடி. "அவர் தோள்ல போட்டிருந்த சங்கத்து நீலப் பட்டையையும் திருப்பிக் கொடுத்துடுங்க."

"கையெழுத்து எப்படிய்யா இருக்கும்? புத்தகம் உள்ள மேசைமேல கிடக்கு. அவரைத்தான் நீங்க வெளிய நிறுத்தி வெச்சிருந்தீங்களே!"

"விதின்னா விதிதானேக்கா" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் நடையைக் கட்டினார். காய்ச்சலில் கிடந்தபோது நான்கு நாள் ஹியூபர்ட் கையால் மீன் சூப் குடித்த அதே கோஸ்மஸ்!

சங்கத்தின் கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும். வெளியாள் உள்ளே வராமல் ஒரு சகோதரர் கோலுடன் வாசலில் காவல் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் முறை வைத்துத்தான் நின்றார்கள். மழைக்காலம் வந்தால் போதும், ஒவ்வொருவருக்கும் முதுகுவலி வந்துவிடும். "விடுங்க, நான் நிக்கிறேன்" என்றார் ஹியூபர்ட். அன்றோடு சரி. அதன் பிறகு ஒருவரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம்வரை ஜாதிக்காய்க் கிடங்கில் மூட்டை சுமப்பார். வந்து குளித்து, மெரில்டா தேய்த்து வைத்த பட்டையும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நின்று நின்று கால் வீங்கியது. ஒரு நாற்காலி போட சங்கத்துக்கு மனம் வரவில்லை. மெரில்டாதான் சமையலறை நாற்காலியைக் கொடுத்தனுப்பினாள்.

புயலில் மண்டபத்தின் கூரை பறந்த வருடம் சுவரும் கதவும்தான் மிஞ்சின. அப்போதும் போய் நின்றார். "கூரையே இல்லாத இடத்துல கதவுக்கு என்ன காவல்?" என்று அவள் சிரித்தாள்.

"உள்ள இருக்கிறவங்க என்னை நம்பி உட்கார்ந்திருக்காங்க, மெரில்டா" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரின் பெயரைக் கூப்பிட மாட்டார்களாம்! நினைவுக் கூட்டத்தில் அந்தந்த வருடம் இறந்தவர்களின் பெயரை மும்மூன்று முறை உரக்கக் கூப்பிடுவது வழக்கம். மற்றவர்களின் பெயர்கள் ஒலித்தபோதெல்லாம் வெளியே எழுந்து நின்று தலைகுனிந்தவர் அவர்.

அவர் இறந்தபின் நடந்த முதல் கூட்டமே நினைவுக் கூட்டம்தான். அன்று மெரில்டா நீலப் பட்டையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு போனாள். எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருந்தார்கள். வாசலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்ற நினைப்பே ஒருவருக்கும் இல்லை. இருபத்திரண்டு வருடம் தானாக நடந்த வேலையாயிற்றே! அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. வெளியே இருப்பவர் பதிலுக்கு மூன்று தட்டினால்தான் கூட்டம் தொடங்கும். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். மறுபடியும் தட்டினார்கள்.

"வெளிய யாரு?" கோஸ்மஸின் குரல்.

"யாரும் இல்ல! இருபத்திரண்டு வருஷமா இங்க யாருமே இல்லையாம். உங்க புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க!"

உள்ளே தாள்கள் புரண்டன. பிறகு, சங்கத்திலேயே மூத்தவரான லெனாக்ஸ் கத்துவது கேட்டது. "வெட்கமா இல்லையாடா நமக்கு? சகோதரர் ஹியூபர்ட் லமோட்!"

இரண்டாம் முறை நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் முறை மண்டபமே கூப்பிட்டது. மெரில்டா எழுந்து நின்று தலைகுனிந்து அழுதாள்.

கதவு திறந்தது. கோஸ்மஸ் அவள் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, இன்னைக்கு மட்டும் நீங்க இங்க இருந்து மூணு தட்டு தட்டிடுங்களேன்" என்றார்.

மெரில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் தூக்கினாள். "இது எங்க வீட்டு நாற்காலி. இனிமே நீ நில்லு" என்று சொல்லிவிட்டு, தோளில் பட்டையோடு வீட்டைப் பார்த்து நடந்தாள்.