அம்மா வாங்கிய உபதேசம்

வேலை முடிந்து வந்து அடுப்படியில் கால் கடுக்க நிற்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் குருநாதர் ஞாபகம்தான் வருகிறது. பக்தி முற்றிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லாம் அலுப்புதான்.

நான் மூன்றாவது படிக்கும்போது அம்மா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வைக்கும் வேலை. தலையெல்லாம் மண்தூளாக வந்து, குளித்துவிட்டு உலை வைப்பாள். அப்பா செல்போனில் குருநாதரின் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா உட்கார்ந்தால் போதும், அவருக்குத் தாகம் எடுத்துவிடும்.

அப்பாவுக்கு உபதேசம் வாங்க ஆசை. புருஷனும் பெண்டாட்டியுமாக வாங்கினால்தான் பலிக்குமாம். குருநாதர் வீட்டுக்கே வந்து, ஒவ்வொருவராக உட்காரவைத்து, தன் தலையையும் சேர்த்துத் துண்டால் மூடிக்கொண்டு காதில் மந்திரம் சொன்னார். அப்பாவுக்கு நொடியில் முடிந்தது. அம்மாவுக்கு வெகுநேரமானது. துண்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல்தான் அதிகம் கேட்டது. பிறகு குருநாதர், தினமும் சமையல் முடிந்ததும் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஜபம் செய்ய வேண்டும், யாரும் கூப்பிடக் கூடாது என்றார். மந்திரத்தைக் கட்டிய புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாதாம்.

அன்று முதல் அப்பா தாமே தண்ணீர் மொண்டு குடித்தார்.

"அம்மா ஜபத்துல இருக்குது, சத்தம் போடாதீங்க" என்று தம்பியையும் என்னையும் அடக்கினார்.

ஒருநாள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அம்மா அரிசி டிரம்மில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தாள். குரு சொன்னதை மீறினால் உயிருக்கே ஆபத்து என்று அப்பா அடிக்கடி சொல்வார். அம்மா செத்துப்போய்விடுவாள் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவிடம் சொன்னால் அம்மாவுக்குத் திட்டு விழும்.

அடுத்த முறை குருநாதர் வந்தபோது மோர் கொடுக்கும் சாக்கில் அவரிடமே விஷயத்தைச் சொல்லி, அம்மாவை ஒன்றும் செய்துவிட வேண்டாம் என்று அழுதேன். அவர் அப்பா எங்கே இருக்கிறார் என்று ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"தூங்கச் சொன்னதே நான்தான் பாப்பா. ஒங்கப்பாகிட்ட சொல்லிடாத."

போன உயிர் திரும்பி வந்தது. தூங்கிக்கொண்டே சொல்கிற மந்திரமும் இருக்கும் போலிருக்கிறது என்று விளையாட ஓடிவிட்டேன். சொந்த வீட்டில் கொஞ்ச நேரம் கண்ணை மூடுவதற்கு அம்மா ஒரு சாமியாரின் காதில் கெஞ்ச வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.